போலீஸ் வண்டி போன பிறகு: டுலூத் நகரத்தின் கதை

இந்த எபிசோட் ஒரு சின்னக் கேள்வியில இருந்து வந்தது. "நீங்க யாரு?"

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு போலீஸ் ஸ்டேஷன்ல என்னைப் பார்த்து இதைக் கேட்டாங்க. கூட இருந்தது என் காலேஜ் தோழி. (அவகிட்ட கேட்டுட்டுதான் இதைச் சொல்றேன்.) வீட்டுக்காரன் அடிச்சிருந்தான், முதல் தடவையும் இல்ல. புகார் கொடுக்கணும்னு முடிவு பண்ணி என்னைத் துணைக்குக் கூப்பிட்டா. ஸ்டேஷன்ல கேட்டாங்க: "நீங்க அண்ணனா?" இல்லை. "சொந்தமா?" இல்லை. "வக்கீலா?" இல்லை சார், சாஃப்ட்வேர்ல இருக்கேன். "அப்ப நீங்க வெளிய உட்காருங்க."

நாலு மணி நேரம் வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். கடைசியில ஒரு சிஎஸ்ஆர் ரசீது கிடைச்சுது. ரெண்டு நாள் கழிச்சு ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசுறோம்னு சொன்னாங்க. அங்க யாரும் எங்களைக் கத்தவும் இல்லை, விரட்டவும் இல்லை. ரசீது எழுதிக் கொடுத்த அம்மா அவளுக்கு டீ கூட வாங்கிக் கொடுத்தாங்க. ஆனா அந்த ரெண்டு நாள் அவ எங்க தூங்குவா? புகார் கொடுத்தது அவனுக்கு எப்போ தெரியும், யார் சொல்லித் தெரியும்? இதைக் கேட்கிற வேலை அந்தக் கட்டடத்துல யாருக்குமே இல்லை. எங்க ஆபீஸ் பாஷையில சொன்னா, டிக்கெட் ஓப்பன் ஆயிடுச்சு, ஆனா ஓனர் கிடையாது.

அதுக்கப்புறம்தான் நான் தேட ஆரம்பிச்சேன். இந்த வேலையை யாராவது எங்கயாவது ஒரு வேலையா பண்ணியிருக்காங்களா? பண்ணியிருக்காங்க. அமெரிக்காவுல அதுக்கு 'விக்டிம் அட்வகேட்'னு பேர். நம்ம ஊர்ல அட்வகேட்னா கறுப்புக் கோட்டும் வண்டியில ஒரு ஸ்டிக்கரும்தான் ஞாபகத்துக்கு வரும். இவங்க வக்கீல் கிடையாது. கோர்ட்ல வாதாட மாட்டாங்க, விசாரணையும் பண்ண மாட்டாங்க. பாதிக்கப்பட்டவர் பக்கத்துல நிக்கிறதுதான் வேலையே. "நீங்க யாரு?"னு கேட்டா சொல்றதுக்கு இவங்ககிட்ட ஒரு பதில் இருக்கும்.

கதை நடக்கிற இடம் மினசோட்டா மாநிலத்துல இருக்கிற டுலூத். சுப்பீரியர் ஏரிக் கரையில, இரும்புத் தாது கப்பலேறும் ஒரு துறைமுக நகரம். 1980-ல் மக்கள்தொகை சுமார் 90,000. நம்ம கணக்குல ஒரு நடுத்தர டவுன்.

டுலூத்துக்குப் போறதுக்கு முன்னாடி அந்தக் காலத்துச் சட்டம் எப்படி இருந்ததுன்னு கொஞ்சம் பார்த்துடலாம். அப்போது அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் சிறு குற்றம் ஒன்று போலீஸ்காரரின் கண் முன்னால் நடந்திருந்தால்தான் வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியும். வீட்டுக்குள் நடக்கும் அடிதடி பெரும்பாலும் சிறு குற்றக் கணக்கில்தான் வரும். போலீஸ் வந்து கதவைத் தட்டும்போது எந்தப் புருஷன் அடிச்சுக்கிட்டு நிப்பான்? அடி முடிஞ்சிருக்கும். ஆகவே போலீஸ் சமாதானம் பேசும். "கொஞ்சம் வெளிய போய் நடந்துட்டு வாப்பா" என்று அவனை அனுப்பும். பிறகு கிளம்பிவிடும். காவல்துறைத் தலைவர்களின் சங்கம் 1967-ல் கொடுத்த பயிற்சிக் குறிப்பிலேயே குடும்பச் சண்டையில் கைது என்பது கடைசி வழியாகத்தான் இருந்தது. அப்போதைய முற்போக்கான யோசனையும் ஏறக்குறைய அதேதான். நியூயார்க்கில் மார்ட்டன் பார்ட் என்ற உளவியலாளர் போலீஸ்காரர்களுக்குக் குடும்பச் சமரசம் பேசப் பயிற்சி கொடுத்தார். நல்ல நோக்கம்தான். ஆனால் சமரசம் என்றால் ரெண்டு பக்கமும் சம பலத்தோடு உட்கார்ந்திருக்கணும். ஒரு பக்கம் உதடு கிழிஞ்சு உட்கார்ந்திருக்கு.

1976-ல் நியூயார்க்கில் 12 மனைவிகள் சேர்ந்து காவல்துறை மேலேயே வழக்குப் போட்டார்கள். புருஷன் மேல் போட்ட வழக்கு இல்லை, கவனிங்க. அடித்தவனைக் கைது செய்யாத போலீஸ் மேல் போட்ட வழக்கு. 1978-ல் காவல்துறை இறங்கிவந்து, இனி வீட்டு வன்முறையையும் குற்றமாகவே நடத்துவோம் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது.

மினசோட்டாவில் வேலை வேறு மாதிரி, ஒரு ஃபோனில் இருந்து தொடங்கியது. செயின்ட் பால் நகரில் சில பெண்கள் 1972-ல் சட்டத் தகவல் சொல்ல ஒரு தொலைபேசிச் சேவை ஆரம்பித்தார்கள். விவாகரத்துக்கு என்ன செய்யணும், ஜீவனாம்சம் எப்படிக் கேட்கணும் என்று சொல்வதுதான் திட்டம். ஆனால் கூப்பிட்டவர்களில் பலர் கேட்டது, "இன்னைக்கு ராத்திரி எங்க போறது?" முதலில் தங்கள் வீடுகளிலேயே தங்க வைத்தார்கள். 1974-ல் ஒரு வீட்டை வாங்கிக் காப்பகமாக்கினார்கள். அமெரிக்காவின் முதல் காப்பகங்களில் அது ஒன்று. அந்த அமைப்பின் பெயரே 'விமன்ஸ் அட்வகேட்ஸ்'.

அதே 1974-ல் ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல், இண்டியானாவின் இண்டியானாபொலிஸ் என இரண்டு நகரங்களில் காவல்துறைக்குள்ளேயே பாதிக்கப்பட்டோருக்கான உதவிப் பிரிவுகள் தொடங்கின. ஆக ஒரே வருஷத்துல ரெண்டு விதமான அட்வகேட். ஒருத்தர் வெளியே நின்று போலீஸைக் கேள்வி கேட்பவர். இன்னொருத்தர் போலீஸிடமே சம்பளம் வாங்குபவர். இந்த வித்தியாசம் பின்னாடி பெருசா வரும், மனசுல வெச்சுக்கோங்க.

சட்டமும் மெதுவாக நகர்ந்தது. வீட்டு வன்முறை வழக்கில், நம்பத் தகுந்த காரணம் இருந்தால், கண் முன்னால் நடக்காவிட்டாலும் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம் என்று 1978-ல் மினசோட்டா சட்டம் போட்டது. 'செய்யலாம்'. செய்யணும்னு இல்லை. அந்த ஒரு வார்த்தை போதும், பழக்கம் அப்படியே தொடர்வதற்கு.

இங்கேதான் எலன் பென்ஸ் வருகிறார். மைக்கேல் பேமர், கோரல் மெக்டானல் போன்றவர்களோடு சேர்ந்து 1980-81-ல் டுலூத்தில் 'டொமெஸ்டிக் அப்யூஸ் இன்டர்வென்ஷன் ப்ராஜெக்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் பண்ணின முதல் காரியம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. போலீஸ் மனசை மாத்தணும், பெண்களை மதிக்கக் கத்துக்கொடுக்கணும்னு அவங்க ஆரம்பிக்கலை. ஒரு பெண் போலீஸைக் கூப்பிட்டதில் இருந்து தீர்ப்பு வரை அந்த விஷயம் யார் யார் கையில் போகிறது என்று பார்த்தார்கள். அவசர அழைப்பை எடுப்பவர், ரோந்து போலீஸ், சிறைக் காவலர், அரசு வழக்கறிஞர், நீதிபதி, நன்னடத்தை அதிகாரி, காப்பகம். இவர்கள் எல்லாம் வேறு வேறு அலுவலகம். ஒருத்தர் செய்தது அடுத்தவருக்குத் தெரியாது. மொத்தம் ஒன்பது அமைப்புகளை உட்கார வைத்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் ஒரு கொள்கையை ஒத்துக்கொள்ள வைத்தார்கள். காவல்துறையின் பங்கு இதுதான்: காயமும் போதிய காரணமும் இருந்தால் கைது கட்டாயம். 'செய்யலாம்' என்பது 'செய்யணும்' ஆனது. அப்படி ஒரு விதியை எடுத்துக்கொண்ட முதல் அமெரிக்க நகரம் டுலூத் என்றே சொல்வார்கள்.

இப்ப அட்வகேட்டோட ராத்திரி வேலைக்கு வருவோம். போலீஸ் ஒருவனைக் கைது செய்து சிறைக்குக் கொண்டுபோகும். சிறையில் இருந்து காப்பகத்துக்கு ஒரு ஃபோன் போகும். நடுராத்திரி ஆனாலும் சரி, முறைக்கு இருக்கும் அட்வகேட்கள் கிளம்பி அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போவார்கள். அன்னைக்கே போகணும். ஏன்னா அவன் உள்ளே இருக்கிற அந்தச் சில மணி நேரம்தான் அவள் பயமில்லாமல் பேசக்கூடிய நேரம்.

போய் என்ன சொல்வார்கள்? 'அவனை விட்டுட்டு வந்துடு' என்று சொல்வதில்லை. அவன் எப்போது வெளியே வருவான், முதல் நாள் நீதிமன்றத்தில் என்ன நடக்கும், பாதுகாப்பு ஆணை என்றால் என்ன, அதை எங்கே வாங்கலாம், இன்றைக்கே கிளம்பணும் என்றால் குழந்தைகளோடு தங்க இடம் இருக்கிறதா. இதெல்லாம் சாதாரணத் தகவல்தான். அந்த நேரத்தில் அது அவளிடம் இருக்காது, அவ்வளவுதான். அவள் இங்கேயே இருக்கிறேன் என்றால் சரி, யாருக்கு ஃபோன் பண்ணணும், எந்தக் கதவு வழியாப் போகணும் என்று அதற்கொரு திட்டம். முடிவு அவளுடையது. மறுநாள் காலையில் ஓர் ஆண் தன்னார்வலர் சிறைக்குப் போய் அந்தப் புருஷனையும் பார்ப்பார். அது தனிக் கதை, இப்ப வேண்டாம்.

கைது நடக்காத அழைப்புகளுக்கும் போலீஸ் அறிக்கை எழுதணும் என்பது இன்னொரு விதி. போலீஸுக்கு இது எரிச்சல்தான், ஒத்துக்கறேன். எனக்கே 'மூடிய டிக்கெட்டுக்கும் நோட் எழுது'ன்னா எரிச்சல் வரும். ஆனா அந்த அறிக்கைகளை அட்வகேட்கள் பார்க்க முடிந்தது. ஒரே முகவரியில் இருந்து மூணு தடவை அழைப்பு வந்திருந்தால், மூணு தடவையும் 'பேசி அனுப்பப்பட்டது' என்று இருந்தால், தனித்தனியா வந்த மூணு போலீஸ்காரருக்கும் அது தெரிஞ்சிருக்காது. எல்லாத் தாளையும் சேர்த்துப் பார்த்தவருக்குத் தெரியும்.

இதே காலத்தில் நாட்டின் இன்னொரு மூலையில், கனெக்டிகட் மாநிலத்தின் டாரிங்டன் நகரில் ட்ரேசி தர்மன் என்ற பெண் இருந்தார். பிரிந்துபோன கணவன் மிரட்டுகிறான் என்று மாதக்கணக்கில் போலீஸிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். 1983 ஜூன் 10 அன்று அவன் வீட்டு வாசலில் வந்து நின்றான். அவர் போலீஸைக் கூப்பிட்டார். கூப்பிட்டு சுமார் 25 நிமிஷம் கழித்து ஒரே ஒரு போலீஸ்காரர் வந்து சேர்ந்தார். அதற்குள் 13 கத்திக்குத்து. அந்தப் போலீஸ்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணவன் அவர் தலையில் உதைத்தான். இன்னும் சிலர் வந்த பிறகும் கொஞ்ச நேரம் அவன் அங்கேயே நடமாடிக்கொண்டிருந்தான். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவரை மறுபடி நெருங்கியபோதுதான் பிடித்தார்கள். ட்ரேசி பிழைத்தார், உடலில் ஒரு பகுதி செயலிழந்தது. நகரத்தின் மீது வழக்குப் போட்டார். முன்பின் தெரியாதவன் அடித்தால் பாதுகாப்பு, கணவன் அடித்தால் கிடையாது என்பது சட்டத்தின் முன் சமத்துவம் இல்லை என்பது அவர் வாதம். 1984-ல் கூட்டாட்சி நீதிமன்றம் அதை விசாரணைக்கு ஏற்றது. 1985-ல் ஜூரி 23 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. கடைசியில் 19 லட்சத்துக்கு சமரசம்.

அந்தத் தொகையைக் கேட்டு நாடு முழுக்க நகர நிர்வாகங்கள் எழுந்து உட்கார்ந்தன. அதுக்கு முந்தின வருஷம்தான் மினியாபொலிஸ் போலீஸ் ஆய்வின் முடிவும் வந்திருந்தது. 314 வழக்குகளில் கைது, அறிவுரை, எட்டு மணி நேரம் பிரித்து அனுப்புவது என்று மூணு வழிகளைக் குலுக்கல் முறையில் முயன்று பார்த்தார்கள். கைதானவர்கள் திரும்ப அடித்தது குறைவு என்றது ஆய்வு. ஏ/பி டெஸ்ட் மாதிரி. பிறகு வேற நகரங்கள்ல திரும்பப் பண்ணினப்ப முடிவு ஒரே மாதிரி வரலை, அதையும் சொல்லிடணும். ஆனா அதுக்குள்ள கட்டாயக் கைது பல மாநிலங்களுக்குப் பரவியாச்சு. 'டுலூத் மாடல்' என்ற பெயரும் கூடவே பரவியது.

பரவும்போது ஒரு விபத்து நடந்தது. கைது கட்டாயம் என்றால், ரெண்டு பேர் உடம்பிலும் கீறல் இருந்தால்? போலீஸ் ரெண்டு பேரையும் கைது செய்தது. அடியைத் தடுக்க அவன் கையைக் கடித்தவளும் உள்ளே. வாஷிங்டன் மாநிலம் 1984-ல் கட்டாயக் கைது கொண்டுவந்து, அடுத்த வருஷமே, முதன்மையாகத் தாக்கியவர் யார் என்று பார்க்கச் சொல்லித் திருத்த வேண்டியிருந்தது. பெண்களுக்காகக் கேட்டு வாங்கின விதி பெண்களையே பிடிச்சுது. எட்டிப் பார்க்க ஒரு அட்வகேட் இருந்த ஊர்ல இது சீக்கிரம் தெரிஞ்சிருக்கும். விதியை மட்டும் காப்பி பண்ணி, ராத்திரி கதவைத் தட்டுற ஆளை காப்பி பண்ணாத ஊர்ல? யாருக்குத் தெரியப் போகுது.

பென்ஸ் இதில் ஓய்ந்துவிடவில்லை. டொரன்டோ பல்கலைக்கழகத்தில் டோரத்தி ஸ்மித் என்ற சமூகவியலாளரின் வழியில் முனைவர் பட்டத்துக்குப் படித்தார், 1996-ல் முடித்தார். ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்டது படிவங்களை! போலீஸ் வண்டியிலேயே கூடப் போவது, அழைப்பு எடுப்பவர் பக்கத்தில் உட்காருவது, ஒவ்வொரு தாளும் அடுத்த மேசைக்கு எதைக் கொண்டுபோகிறது, எதை விட்டுவிடுகிறது என்று பார்ப்பது. படிவத்தில் 'ஆயுதம் உண்டா' என்று கட்டம் இருந்தால் போலீஸ் கேட்பார். 'இதற்கு முன் கழுத்தை நெரித்திருக்கிறானா' என்று கட்டம் இல்லாவிட்டால், நல்ல போலீஸ்காரர்கூட கேட்க மறந்துபோவார். சட்டம் அன்னைக்கு நடந்த ஒரு சம்பவத்தைப் பார்க்கிறது. அவள் பத்து வருஷத்தை வாழ்ந்திருக்கிறாள். அந்தப் பத்து வருஷத்துக்குத் தாளில் இடமே இல்லை. டேட்டாபேஸ் டிசைன் பண்ணுற யாராவது கேட்டுட்டு இருந்தா, இந்த இடத்துல ஒரு நிமிஷம் பாஸ் பண்ணிட்டு உங்க டேபிளை நினைச்சுப் பாருங்க.

தன்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. அடிப்பவர்கள் எல்லாரும் அதிகாரத்துக்காகவே அடிக்கிறார்கள் என்று அவர்கள் குழு பல வருஷம் சொல்லிவந்தது. அதை வைத்து 1984-ல் வரைந்த சக்கரப் படம் உலகம் முழுக்கப் போனது. 1999-ல் எழுதிய கட்டுரையில் பென்ஸ், நாங்கள் சந்தித்த பலரின் வாழ்க்கைக்கு அந்த விளக்கம் பொருந்தவில்லை, ஆனாலும் அதிலேயே நின்றோம் என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்டார். தன் பேர்ல ஓடுற புராடக்ட்ல தானே பக் ரிப்போர்ட் போடுற ஆட்களை நான் அதிகம் பார்த்ததில்லை. 2012 ஜனவரியில் அவர் காலமானார்.

மனசுல வெச்சுக்கச் சொன்ன வித்தியாசத்துக்கு வரேன். அட்வகேட் யார்கிட்ட சம்பளம் வாங்கணும்? போலீஸ் ஊழியராக இருந்தால் நன்மை நிறைய. ஸ்டேஷனுக்குள் நேரா போகலாம், கோப்பைப் பார்க்கலாம், யாரும் வெளிய உட்காரச் சொல்ல மாட்டார்கள். ஆனால் 1963-ல் வந்த பிரேடி வழக்கின் தீர்ப்பு இங்கே குறுக்கே வருகிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான தகவல் அரசுத் தரப்பிடம் இருந்தால் அதை மறைக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பு. நியாயமான விதிதான், நாளைக்கு நம்ம மேலயே பொய் வழக்கு வந்தா நமக்கும் அது வேணும். ஆனால் அழுதுகொண்டே ஒரு பெண், "முதல்ல நான்தான் தட்டைத் தூக்கி எறிஞ்சேன்" என்று போலீஸ் சம்பளம் வாங்கும் அட்வகேட்டிடம் சொன்னால், அது எதிர்த்தரப்பு வக்கீல் கைக்குப் போக வாய்ப்பு உண்டு. வெளி அமைப்பின் அட்வகேட்டிடம் சொன்னால், பல மாநிலங்களில் சட்டமே அந்த ரகசியத்தைக் காக்கிறது. டுலூத்காரர்கள் போலீஸோடு தினமும் வேலை செய்தார்கள், ஆனால் அமைப்பை வெளியேதான் வைத்துக்கொண்டார்கள். எனக்கும் அதுதான் சரின்னு படுது. குறைந்தபட்சம், பேச ஆரம்பிக்கும் முன்னாடியே "நான் யாருக்கு வேலை பார்க்கிறேன்"னு அவகிட்ட சொல்லிடணும்.

நம்ம நாட்டுல? மும்பையில 1984-லேயே டாட்டா சமூக அறிவியல் கழகம் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களைப் போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்குள்ளேயே உட்கார வைத்தது. 'ஸ்பெஷல் செல்' என்று பெயர். கட்டடம் போலீஸோடது, ஆட்கள் கழகத்தோட ஆட்கள். பிறகு மகாராஷ்டிரா அரசு அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது. தமிழ்நாடு வேறு வழியில் போனது. 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தது. பெண் போலீஸிடம் பெண் பேசலாம் என்பது பெரிய விஷயம்தான். ஆனாலும் அங்கே இருப்பவர் போலீஸ், அவருக்கு ரெண்டு தரப்பும் உண்டு. 1994-ல் டெல்லியின் வீட்டு வேலைத் தொழிலாளர் அமைப்பு ஒன்று தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணுக்குக் காவல் நிலையத்திலேயே சட்ட உதவி கிடைக்கணும், அந்த உரிமை உண்டு என்று போலீஸே அவளிடம் சொல்லணும் என்று வழிகாட்டியது. முப்பது வருஷம் ஆச்சு. உங்களுக்குத் தெரிஞ்ச யாருக்காவது ஸ்டேஷன்ல அப்படிச் சொல்லியிருக்காங்களான்னு கேட்டுப் பாருங்க.

என் தோழி அந்த ரெண்டு நாளும் எங்க அம்மாகூட எங்க வீட்லதான் இருந்தா. மூணாவது நாள் பேச்சுவார்த்தைக்குப் போனப்ப, அவனுக்கு எல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருந்துது. யார் சொன்னாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. 181-னு ஒரு நம்பர் இருக்குன்னும், மாவட்டத்துக்கு மாவட்டம் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்குன்னும், அங்க தங்க இடமும், ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் துணையும் கேட்கலாம்னும் எங்களுக்கு ஒரு மாசம் கழிச்சு, வேற ஒருத்தர் சொல்லித்தான் தெரிஞ்சுது. அடுத்த தடவை ஸ்டேஷன் போனப்ப அந்த மையத்துல இருந்து ஒரு அக்கா கூட வந்தாங்க. நான் பழக்கதோஷத்துல பெஞ்சுல போய் உட்கார்ந்தேன். உள்ள இருந்து கேள்வி கேட்டுது, "நீங்க யாரும்மா?" அந்த அக்கா ஐடி கார்டை எடுத்து மேசைமேல வெச்சுட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவ பக்கத்துல உட்கார்ந்தாங்க.

சரி மக்களே, அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.